இரண்டு பேப்பரிலும் ஒரே கோழி

பொதுப்பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் என் அனுதாபம், அடுத்த மூச்சிலேயே என் வாழ்த்து. அனுதாபம் எதற்கென்றால், இன்டர்நேஷனல் காலேஜ் என்று வாசலில் எவ்வளவு பெரிய போர்டு மாட்டினாலும், உள்ளே ஆங்கிலமும் ஹியூமானிட்டீஸும் எடுக்கிற ஆளை யாரும் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித் தருகிறவர் சார். லாஜிஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்குச் சரக்கு ஏற்றச் சொல்லித் தருகிறவர் சார். நாம் வெறும் 'அந்த ஹவர்'. நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு பையன் வகுப்பு வாசலில் நின்று, "சார், இது ஃப்ரீ பீரியடுங்களா, இல்ல நீங்க இருக்கீங்களா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். நான் இருந்தேன். பதினோரு வருஷம் இருந்தேன்.

வாழ்த்து எதற்கென்றால், இந்த வேலையில் கிடைக்கிற சிரிப்பு வேறு எதிலும் கிடைக்காது. ஓய்வு பெற்று அரியலூரில் வீட்டோடு இருக்கும் நான், காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தன்னால் சிரிக்கிறேன். என் மனைவி காபியை எட்ட வைத்துவிட்டு நகர்ந்து போகிறாள்.

புதியவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதுங்கள் என்று காலேஜில் கேட்டார்கள். பாடத்திட்டம் போடுவது, மார்க் ஏற்றுவது இதற்கெல்லாம் கையேடு இருக்கிறது, நான் வேறு எதற்கு? நான் சொல்லப்போவது, ஒரு பெண்ணின் படிப்பை என் அதிபுத்திசாலித்தனத்தால் கிட்டத்தட்டக் கெடுத்த கதை. சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நம் காலேஜோடு ஒப்பந்தம் போட்டிருக்கிற வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப்படி, எந்தப் படிப்புப் படித்தாலும் பொதுப்பாடத்தில் தேறியாக வேண்டும். அதில் தவறினால் பட்டம் நிற்கும். கடைசி ப்ராஜெக்டாக நான் ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் பக்கத்தில் உழைக்கிற ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதி வாருங்கள் என்றேன். தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு போனிலிருக்கும் மொழிபெயர்ப்பில் போட்டு ஆங்கிலத்தில் ஒட்டுங்கள், அதன் கீழே உங்கள் கருத்தைச் சொந்த ஆங்கிலத்தில் எழுதுங்கள். இது விதி ஒன்று. பேசினவர் பெயரோ ஊரோ எங்கேயும் வரக் கூடாது. இது இரண்டு. எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். இது மூன்று.

கடைசி இரண்டும் அந்த வெளிநாட்டுக் கையேட்டில் இருந்தவை. நான் அவற்றை வாசித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பு கவனிக்கிற நாள் அபூர்வமாகத்தான் வரும், அன்று கவனித்தது. எனக்கு வேகம் வந்துவிட்டது. மேசையைத் தட்டி, "நம்பிப் பேசுன மனுஷன் பேர, உயிரே போனாலும் சொல்லாதீங்க" என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அன்று மாலை பஸ்ஸில் நான் சீட்டில் உட்காரவில்லை, மிதந்தேன்.

பேப்பர்கள் வந்தன. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிரைவர், சிமென்ட் மூட்டை தூக்குகிறவர், சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கிற பெண்கள் என்று ஊரே வந்து மேசையில் குவிந்தது. ஒருவன் தன் அப்பாவையே பேட்டி எடுத்திருந்தான். பதினேழு கேள்விக்கும் அப்பா சொன்ன பதில் "ம்". ஒரு "ம்"மைக்கூட விடாமல் எழுதியிருந்தான். நல்ல மார்க் போட்டேன்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் காப்பி பிடிக்கிற சாஃப்ட்வேரில் ஏற்றினோம். இரண்டு பேப்பர் ரத்தச் சிவப்பாக வந்து நின்றன. இரண்டிலும் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு பெண்மணியின் கதை. இரண்டு பக்கம் வரிக்கு வரி ஒன்றேதான்.

ஒன்று மணிவேலுடையது. லாஜிஸ்டிக்ஸ் பையன், ஆண்டிமடத்துக்காரன், தானுண்டு தன் பைக் உண்டு என்று இருப்பவன். அவன் திங்கட்கிழமை கொடுத்திருந்தான். மற்றது இளவரசியுடையது. ஹோட்டல் மேனேஜ்மென்ட், ஊர் பூலாம்பாடி. அவள் புதன்கிழமை கொடுத்திருந்தாள். கடைசி செமஸ்டரைக் கட்டணமில்லாமல் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே படிக்கத் தேர்வான ஒரே ஆள் அவள்தான். அவள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்தாகிவிட்டது. ஆண்டிமடத்து மாமா வீட்டில் பெட்டி வாங்கியாகிவிட்டது. பொதுப்பாடத்தில் காப்பி என்று ஒரு வார்த்தை விழுந்தால் அந்த இடம் போய்விடும்.

பிரின்சிபால் நெருக்கினார். "ரெண்டுல ஒண்ணு காப்பி சார். எதுன்னு மட்டும் சொல்லுங்க. வெள்ளிக்கிழம மீட்டிங்ல முடிச்சுடுவோம். அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணோட ஃபார்மும் போகணும்."

இளவரசியைக் கூப்பிட்டோம். பயந்த பெண் இல்லை. நேராக நின்றாள்.

"யாரப் பேட்டி எடுத்த?"

"சொல்லக் கூடாதுங்க சார்."

"அது பேப்பருக்கும்மா. எங்ககிட்டச் சொல்லலாம்."

"பேப்பருக்கு மட்டும்னு நீங்க சொல்லலீங்களே சார். நீங்கதான உயிரே போனாலும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்க."

"சரி, ரெக்கார்டிங் எங்க?"

"அழிச்சுட்டேங்க சார். நீங்கதான அழிக்கச் சொன்னீங்க."

"இங்கிலீஷ் யாரு பண்ணுனா?"

"போனுங்க சார். நீங்கதான..."

பிரின்சிபால் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று முறை 'நீங்கதான' வாங்கிய ஒரு வாத்தியாருக்கு நியாயம் தெரியாது, தம்பிகளே. இந்தப் பெண் என் வார்த்தையையே பிடித்து என்னை மடக்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது.

அடுத்து மணிவேல். அவனும் சொல்லக் கூடாது, அழித்துவிட்டேன், போன் என்றே சொன்னான். "இளவரசியத் தெரியுமா?" என்றால், "எந்த இளவரசிங்க சார்?" என்கிறான். எனக்கு உடனே பெரிய துப்பறிவாளன் மூளை வேலை செய்தது. இவ்வளவு பொருத்தமாகப் பதில் வருகிறதென்றால் இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கொடுத்தவன் அசல், புதன்கிழமை கொடுத்தவள் நகல். முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, 'இளவரசி காப்பி அடித்தது உறுதி' என்ற அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இரண்டு பேப்பரையும் அதுவரை நான் முழுதாகப் படிக்கவில்லை. சிவப்பு வரிகளை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

படித்தது மறுநாள் மத்தியானம், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு. படித்தேன் என்றால் சாவகாசமாக, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. முதல் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: 'கொஞ்சம் இரு, கோழி வந்துவிட்டது, போ.' மற்ற பேப்பரிலும் அதே இடத்தில் அதே கோழி.

டப்பாவை மூடி வைத்தேன். காப்பி அடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நல்ல வரியாகப் பார்த்து எடுப்பார்கள், தேவையில்லாததைத் தூக்கிப் போடுவார்கள். கதைக்குச் சம்பந்தமே இல்லாத கோழியை யாராவது திருடுவார்களா? கூட்டாமல் குறைக்காமல் எழுது என்றதைக் கேட்ட பிள்ளைதான் கோழியையும் எழுதும். இரண்டு பேரும் உண்மையாகவே கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆளிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் வெவ்வேறு நாளில் அதே வார்த்தைகள் எப்படி வரும், அந்தக் கோழி எப்படி நேரம் தவறாமல் வரும் என்பது மட்டும் விளங்கவில்லை. அறிக்கையோ பிரின்சிபாலிடமிருந்து வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்குப் போயாகிவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஜெயங்கொண்டம் வழியாக மணிவேலின் ஊரான ஆண்டிமடத்துக்குப் பஸ் ஏறினேன். என் மனைவியிடம் ஒரு கோழி விஷயமாகப் போகிறேன் என்று சொன்னேன். அவள் கூடையை எடுத்து நீட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எப்படி விசாரிப்பது? பெயர் தெரியாது. "காலேஜ் பசங்களுக்குப் பேட்டி குடுத்தவங்க, முந்திரி உடைக்கிறவங்க..." என்று இழுத்தேன்.

"ராசாத்தி அக்காவா?" என்றார் கடைக்காரர், டீ ஆற்றிக்கொண்டே. "பேட்டின்னு யாரு வந்தாலும் அங்கதான் சார் கை காட்டுவோம். மத்தவங்க வேலையக் கெடுக்காதன்னு தொரத்திடுவாங்க. அக்காதான் ஒடச்சிக்கிட்டே பேசும். சர்வே எடுக்கறவங்க, காலேஜு, டிவி எல்லாம் அங்கதான்."

எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ராசாத்தி அம்மா தகரக் கொட்டகைக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முந்திரி ஓட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடாமல் இருக்கச் சாம்பல் பூசியிருந்தார். சின்ன மரக்கட்டையால் தட்டுவது, பருப்பை எடுத்து வீசுவது, அடுத்தது. நான் முதலில் பார்த்தது கொட்டகையைச் சுற்றித்தான். கோழி இல்லை. ஒரு இறகுகூட இல்லை.

"கோழி வளக்குறீங்களாம்மா?"

"கோழி வேணும்னா சந்தைக்குப் போங்க சார். பருப்பு கெடக்குற எடத்துல கோழிய விடுவாங்களா?"

அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டது, வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். "பேட்டிங்களா? உக்காருங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டை தாளம் பிடித்துவிட்டது. "எட்டாவது முடிச்சு ஒம்பதாவது சேர, செயங்கொண்டத்துக்குப் போறதுக்கு வெள்ளச் சட்ட தச்சு வச்சிருந்தேன். எங்கப்பா அன்னைக்குன்னு பாத்து மரத்துலேருந்து வுழுந்தாரு..."

நான் காகிதத்தைப் பார்த்தேன். முதல் வரி அதேதான், இரண்டாவது வரியும் அதேதான். மூன்றாவதில் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டேன். "நிறுத்துங்கம்மா, நிறுத்துங்க. நாளைக்குச் சொல்லுங்க."

"நடுவுல நிறுத்துனா மறுபடி மொதல்லேருந்துதான் வரும் சார்" என்று எரிச்சலாகச் சொன்னார்.

நடந்ததைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளும் அவர் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு மாட்டிக்கொண்டு நிற்பதைச் சொன்னபோது அவர் நெகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். கட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"எம்பேரப் போடலியா?"

"உங்க நன்மைக்குத்தாம்மா. அது ஒரு விதி."

"என்ன நன்ம? நான் என்ன திருடிட்டா உக்காந்திருக்கேன்? எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். ஒருத்தரும் பேரப் போடலன்னு இன்னைக்குத்தான தெரியுது. என்னைய ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாம் எடுக்கிற ஹியூமானிட்டீஸுக்கு மனிதர்களைப் பற்றிய பாடம் என்றுதான் அர்த்தம். பெயரை மறைப்பது நல்ல விதிதான், மறைத்தாக வேண்டிய கதைகளும் உண்டு. ஆனால் அந்த மனிதரிடம் கேட்டுவிட்டு மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்கு வருவீர்களா என்று கேட்கவே தயங்கினேன். அவரே சொன்னார்: "வரேன். ஆனா வேல கெட்டுப்போவும். கொட்டையோடதான் வருவேன்."

வெள்ளிக்கிழமை கொட்டையோடுதான் வந்தார். பிரின்சிபால் அறையில் கண்ணாடி மேசை, ஏசி, பெரிய திரை. திரையில் வெளிநாட்டு மதிப்பீட்டாளர் அம்மையார். அங்கே விடிந்தும் விடியாத நேரம், கையில் வாளி அளவு காபிக் கோப்பை. இளவரசியும் மணிவேலும் சுவரோரமாக நின்றார்கள். ஒருவரை ஒருவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ராசாத்தி அம்மா நாற்காலியை நகர்த்திவிட்டு, புதுக் கார்ப்பெட்டின் மேல் சாக்கை விரித்தார். சாம்பல் டப்பாவைத் திறந்தார். பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார்.

கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பினோம். பிரின்சிபால் முறைப்படி ஆரம்பித்தார். "இளவரசி, இவங்களத்தான பேட்டி எடுத்த?"

"சொல்லக் கூடாதுங்க சார்."

"அட, நான்தான் குத்துக்கல்லாட்டம் எதுக்க உக்காந்திருக்கேன்ல" என்றார் ராசாத்தி அம்மா. "நீயும்தான்டா மணிவேலு. வாயத் தொற."

மணிவேல் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன அந்த உரையை அவ்வளவு நன்றாக ஆற்றித் தொலைத்திருக்கிறேன்.

கட்டை தட்ட ஆரம்பித்தது. எட்டாவது முடித்தது, வெள்ளைச் சட்டை, அப்பா விழுந்தது. அவர் ஒரு வரி சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, திரையில் அம்மையார் இரண்டு பேப்பரையும் வைத்துக்கொண்டு பென்சிலால் வரி வரியாகத் தொட்டு வந்தார். ஐந்தாவது வரியில் புருவம் உயர்ந்தது. எட்டாவதில் காபியைக் கீழே வைத்தார். பத்தாவதில் நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே அடுத்த வரியை அவரே வாசித்தார். ராசாத்தி அம்மா தமிழில் சொல்கிறார், அந்த அம்மையார் ஆங்கிலத்தில் சொல்கிறார், இருவரும் ஒரே நேரத்தில் முடிக்கிறார்கள். நடுவில் நான் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. பிரின்சிபால் கார்ப்பெட்டை மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு எந்தங்கச்சி பஸ்ஸு ஏறுனா" என்றார் ராசாத்தி அம்மா. நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். இந்த வரிக்கு அடுத்ததுதான் அது. ஏசி அறையில், மாடியில், ஒரு ஈகூட இல்லாத இடத்தில் அவர் முகத்தைப் பின்பக்கம் திருப்பி, கையை வீசினார். "தா, இரு, கோழி வந்துட்டுது. சூ, போ."

திரையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அம்மையார் பேப்பரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பிரின்சிபால் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். மணிவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினான். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஒரு விசாரணைக் கூட்டம் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இளவரசி மட்டும் சிரிக்கவில்லை. ராசாத்தி அம்மா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் மதிப்பீட்டாளர் அம்மையார், கோழி எங்கே என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ராசாத்தி அம்மா கட்டையின் நுனியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"கோழி ஏது சார்? அந்த எடம் வந்தா தொண்ட அடச்சுக்கும். கேக்க வந்த புள்ளைங்க முன்னாடி அழக் கூடாதுல்ல. கோழிய வெரட்டுற சாக்குல மூஞ்சத் திருப்பிக்குவேன். அப்படியே பழகிப்போச்சு."

இதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலம் எடுத்துப் பிழைத்த ஆள் நான், ஒரு வார்த்தை வரவில்லை. இளவரசிதான் சொன்னாள். மெதுவாக, கூட்டாமல் குறைக்காமல், போன் உதவி இல்லாமல் சொன்னாள். திரையில் அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

அதற்கப்புறம் ஐந்து நிமிஷம்தான். அறிக்கை ரத்து. இரண்டு பேப்பரும் அசல். பிரின்சிபால் ஏதோ நல்லது செய்கிற நினைப்பில், "அந்தக் கோழி வரிய மட்டும் எடுத்துடலாமா?" என்றார். "அது இருக்கட்டும். பேர மட்டும் போடுங்க" என்றார் ராசாத்தி அம்மா. இரண்டு பேப்பரிலும் தலைப்புக்குக் கீழே அவர் பெயரை எழுதிக் காட்டினோம். எட்டாவது வரை படித்தவர், ஆங்கிலத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாக்கைச் சுருட்டினார். அடுத்த வருஷத்திலிருந்து, பெயர் வரலாமா கூடாதா என்று பேசுகிறவரையே கேட்க வேண்டும் என்று விதியை மாற்றினேன். அது இன்றும் உங்கள் கையேட்டில் இருக்கிறது.

உங்களுக்கும் நெருக்கடி வரும். மேலிடம் அவசரப்படுத்தும், மெஷின் சிவப்பாகக் காட்டும், எதிரே நிற்கிற பிள்ளை உங்கள் வார்த்தையையே உங்களிடம் திருப்பிச் சொல்லி எரிச்சல் மூட்டும். அந்த எரிச்சல் வரும்போது, அந்தப் பிள்ளை சொல்வது சரியாக இருக்கலாம் என்று மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் நினைத்திருந்தால் ஆண்டிமடம் பஸ் செலவு மிச்சமாகியிருக்கும்.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு இளவரசி ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற ஃபார்ம். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பொதுப்பாட ஆசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் மன்னிப்புக் கேட்டேன். வாத்தியார் கேட்கிற மன்னிப்பு மாதிரி மென்று விழுங்காமல், நேராகவே கேட்டேன். அவள், "சரிங்க சார்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேனாவை எடுத்து, ஃபார்மின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எங்கே போட வேண்டும் என்று தேடினேன்.

அவள் கையை நீட்டி ஃபார்மை முதல் பக்கத்துக்குத் திருப்பி வைத்தாள்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்."

நாலு பக்கம். மணி ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் நின்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.